முழங்கால் பட்ட இடம்

கடலுக்கடியில் ரத்தம் சிவப்பாக இருப்பதில்லை. வெயிலில் உள்ள சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு மங்க ஆரம்பித்துவிடும். பத்து மீட்டரில் அது கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். என் முழங்காலிலிருந்து அந்த நிறத்தில் மெல்லிய புகை மாதிரி ஒன்று கிளம்பியபோது, அது என் ரத்தம் என்று புரிய எனக்குச் சில நொடிகள் பிடித்தன. பிறகுதான் முழங்காலுக்குக் கீழே பார்த்தேன். மான்கொம்பு போலக் கிளை விட்டிருந்த பவளத்தில், என் முன்கை நீளத்துக்கு ஒரு கிளை முறிந்து மணலில் கிடந்தது.

அது 2018 ஏப்ரல். ஸ்கூடாயில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் நான்கு பேர் காசு சேர்த்து, முக்குளிப்பு கற்றுக்கொள்ள தியோமான் தீவுக்குப் போயிருந்தோம். மூன்றாம் நாள் ரெங்கிஸில் இறங்கினோம். தெக்கேக் கிராமத்துக்குத் தெற்கே, கரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரிகிற குட்டித் தீவு அது. பயிற்றுநர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூட வந்த நண்பன் தன் கண்ணாடிக்குள் ஏறிய தண்ணீரோடு போராடிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை. நான் அந்தக் கிளையை எடுத்து, முறிந்த இடத்தில் பொருத்தி வைக்கப் பார்த்தேன், வீட்டில் ஜாடியை உடைத்துவிட்ட பிள்ளை செய்கிற மாதிரி. அது நிற்கவில்லை. மணலில் படுக்க வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஏழு வருடமாக அந்தக் கிளை என்னோடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்து இதை ஆரம்பித்தேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் கடலுக்குப் போனதில்லை. தாத்தா குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். அப்பா லாரி ஓட்டினார். தண்ணீர் என்றால் தோட்டத்து ஆறு, அதிலும் மழைக்காலத்தில் கால் வைக்கக்கூடாது. என் ஜாதகத்தில் நீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறதாம். அதைச் சொன்ன அதே ஜோசியர்தான் செவ்வாய்க்குப் பரிகாரமாகப் பவளம் போடச் சொன்னார். அம்மா மாதாமாதம் பணம் கட்டி வாங்கிய பவள மோதிரத்தை, நான் பல்கலைக்கழகம் கிளம்பிய அன்று என் விரலில் மாட்டிவிட்டார். கடல் பக்கமே போகாதே என்று சொன்ன கையே கடலிலிருந்து வந்த ஒன்றை எனக்குப் போட்டுவிட்டது. இதைச் சொன்னால் அம்மாவுக்குச் சிரிப்பு வராது. "உனக்கு எல்லாமே விளையாட்டாப் போச்சு ஐயா" என்பார்.

பவளம் சிவப்பு என்ற நினைப்போடுதான் முதல் தடவை இறங்கினேன். மோதிரத்தில் இருப்பது வேறு சாதி. மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில், வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் வளர்வது. தியோமானில் நான் பார்த்தவை பழுப்பு, வெளிர்பச்சை, கடுகு மஞ்சள். சிலவற்றுக்கு நுனியில் மட்டும் ஊதா. கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. அந்தப் பழுப்புதான் உயிரோடிருப்பதன் அடையாளம் என்று அப்போது தெரியாது. பவளம் என்பது கடுகளவு, மிளகளவு உயிர்கள் கூட்டமாகக் கட்டிய சுண்ணாம்பு வீடு. அவற்றின் உடம்புக்குள்ளேயே நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு சமைத்து வீட்டுக்காரருக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். வீட்டுக்காரர் இடமும் பாதுகாப்பும் தருவார். பழுப்பு நிறம் வாடகைக்கு இருப்பவருடையது.

தியோமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது, ஆனால் நாங்களெல்லாம் போவது ஜொகூரின் மெர்சிங்கிலிருந்து. மெர்சிங் படகுத்துறையில் கடிகாரத்துக்கு மதிப்பில்லை. ஆற்றுமுகம் ஆழமில்லாதது, நீர் ஏறினால்தான் படகு போகும். பயண அட்டவணையே கடலேற்றத்தைப் பார்த்துத்தான் மாறும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழை. பெரும்பாலான கடைகள் மூடிக்கிடக்கும். மார்ச்சில் திறப்பார்கள்.

மற்றவர்கள் எப்படியோ, எனக்கு அங்குள்ள இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ரெங்கிஸ் பாலர் பள்ளி. ஆழமில்லை, ஆமை வரும், துடுப்பின் நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் நம்மைக் கண்டுகொள்ளாமல் சுற்றிவரும். லாபாஸ் தீவில் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடப்பதால் இடுக்கு வழிகள் உண்டாகியிருக்கின்றன. உள்ளே நுழைந்து மறுபக்கம் வரும்போது எதிரே நீல வெளிச்சம் கதவு மாதிரி நிற்கும். செபேயிலும் பாறைகள்தான், ஆனால் ஒரு வீட்டளவு. டைகர் ரீஃப் நீர்மட்டத்துக்கு மேலே தெரியாத ஒரு குன்று. நீரோட்டம் வலுவாக இருக்கும் நாளில் கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கவேண்டும். இறங்கிவிட்டால் மென்பவளங்கள் அத்தனையும் விரிந்து நிற்கும், மீன்கூட்டம் தலைக்கு மேலே திரும்பித் திரும்பி வெள்ளியாக மின்னும்.

டைட்டன் ட்ரிகர்ஃபிஷ் என்று ஒன்று இருக்கிறது. முட்டையிட்டிருக்கும் காலத்தில் கூட்டுக்கு மேலே புனல் வடிவத்தில் உள்ள தண்ணீர் முழுவதும் தனக்குச் சொந்தம் என்று அது நினைத்துக்கொள்ளும். தெரியாமல் நுழைந்தால் ஃபின்னைக் கடிக்க வரும். நான் இரண்டு முறை துரத்தப்பட்டிருக்கிறேன். தியோமானில் எனக்கு எதிராகப் புகார் கொடுத்த ஒரே உயிரினம் அதுதான்.

முக்குளிப்பில் எல்லாரும் முதலில் மூச்சைப் பற்றிக் கவலைப்படுவார்கள். மூச்சு சுலபம், அடக்காமல் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான். கஷ்டம் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்பது. ஆழம் கூடக்கூட உடையும் காற்றுப்பையும் அழுந்திச் சுருங்கும், நீ கனமாவாய். காற்று விட்டால் மேலே தூக்கும். நுரையீரலைக் கொஞ்சம் நிரப்பி, கொஞ்சம் காலி செய்து, பவளத்துக்கு ஒரு முழம் மேலே அசையாமல் தொங்கும் நிலை ஒன்று இருக்கிறது. அது கைகூட எனக்கு முப்பது முறை இறங்கவேண்டியிருந்தது. எதையும் தொடாமல் எல்லாவற்றையும் பார்ப்பது. முக்குளிப்பவர்களின் அறம் முழுக்க அதில் அடங்கியிருக்கிறது. படம் எடு, குமிழி விடு, வேறெதுவும் எடுக்காதே, விடாதே. நான் அதை நம்பினேன். ரெங்கிஸில் செய்த தவறுக்குப் பிராயச்சித்தம் மாதிரி, தொடாமல் இருப்பதில் வெறிகொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருவர் பவளத்தின்மேல் கால் ஊன்றினால் எனக்கு ஆத்திரம் வரும். படகில் ஏறியதும் உம்மென்று உட்கார்ந்திருப்பேன்.

இனி என் வேலை.

வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுவதுதான் நான் சம்பளம் வாங்கும் வேலை. கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்ரி என்று ஜொகூரில் இப்போது தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். செம்பனை நின்ற நிலத்தில் ஜன்னலில்லாத பெரிய பெட்டிகள். உள்ளே அடுக்கடுக்காகக் கணினிகள். ஒரு கணினி தின்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும், அதற்கு வேறு வழியில்லை. அந்த வெப்பத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஏற்றி, சில்லர் என்ற இயந்திரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கூரைக்கு மேலே உள்ள காற்றில் விடவேண்டும். சில்லரை ஓட்டவும் மின்சாரம் வேண்டும். நான் படம் வரைகிறேன், கணக்குப் போடுகிறேன், கையெழுத்து வாங்குகிறேன்.

2024 பிப்ரவரியில் ஒரு கூட்டம். அறைக்குள் கணினிகளுக்குப் போகும் காற்று எத்தனை டிகிரி இருக்கவேண்டும் என்பது பேச்சு. எங்கள் துறையில் எல்லாரும் பின்பற்றும் ஆஷ்ரே அமைப்பு 18 முதல் 27 டிகிரி வரை போகலாம் என்கிறது. வாடிக்கையாளர் கேட்டது 20. கூட்டத்துக்கு முந்தைய இரவு நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காற்றையும் அதைக் குளிர்விக்கும் தண்ணீரையும் ஒரு டிகிரி ஏற்றினால்கூட சில்லர் தின்னும் மின்சாரத்தில் சுமார் இரண்டு மூன்று சதவீதம் குறையும். உதாரணத்துக்கு, பத்து மெகாவாட் வெப்பத்தை வெளியேற்ற சில்லருக்கு இரண்டு மெகாவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை சதவீதம் என்றால் 50 கிலோவாட். இரவு பகல் வருடம் முழுக்க ஓடுவது, ஆக 4,38,000 யூனிட். நிலக்கரியில் எடுக்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. நானூறு டன்னுக்கு மேல். ஒரு டிகிரிக்கு, ஒரு வருடத்துக்கு, ஒரு கட்டடத்துக்கு.

வாடிக்கையாளர் தரப்பில் வந்தவர், "எல்லா இடத்துலயும் இருபதுதான் வச்சிருக்கோம், இங்க மட்டும் ஏன் ரிஸ்க்?" என்று கேட்டார். என் மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கணக்கு என் மடிக்கணினியில் திறந்தே இருந்தது. "ஓகே, இருபது" என்றேன். கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். நன்றாகச் சாப்பிட்டேன்.

அதே வருடம் ஏப்ரலில், உலக அளவில் பவளங்கள் நான்காம் முறையாக வெளுத்துக்கொண்டிருக்கின்றன என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா அறிவித்தது. முதலாவது 1998, அடுத்தது 2010. அந்த 2010ல் தியோமானிலும் ரெடாங்கிலும் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கமே அக்டோபர் இறுதிவரை மூடி வைத்தது. பவளத்துக்கு வேண்டியது பெரிய சூடெல்லாம் இல்லை. வழக்கமாக வருடத்தில் மிகச் சூடான மாதத்தில் இருப்பதைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். உள்ளே குடியிருக்கும் பாசி நஞ்சாக மாறும், பவளம் அதை வெளியே தள்ளிவிடும். பாசி போனால் நிறம் போகும். அடியில் உள்ள சுண்ணாம்பு தெரியும். அப்போதும் பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரலாம்.

நான் ஜூனில் போனேன். கையில் கட்டியிருந்த முக்குளிப்புக் கணினி 31 டிகிரி காட்டியது. இறங்கும்போது வெந்நீரில் இறங்குகிற மாதிரி, அந்த ஒரு சிலிர்ப்புகூட இல்லை. கீழே திட்டுத் திட்டாக வெள்ளை. மூளை வடிவத்தில் உள்ள பெரிய பவளங்கள் பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக இருந்தன. சில கிளைப்பவளங்கள் விளக்குப் போட்ட மாதிரி இளநீலமாக ஒளிர்ந்தன. வெளுக்கும்போது சில வகைகள் அப்படிக் கடைசியாக நிறம் காட்டுமாம். ரொம்ப அழகாக இருந்தது, இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? படகில் ஏறியதும், முதல் தடவை வந்திருந்த ஒரு பெண், பனி பெய்தது போல இருந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். யாரும் அவரைத் திருத்தவில்லை. நானும்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. துக்கம் தாங்காமல் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. 2018ல் ஒரு கிளையை உடைத்தேன், ஆறு வருடம் குற்றவுணர்ச்சி. இங்கே ஒரு தோட்டமே வெளுத்துக் கிடக்கிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். செய்தியில் வேறு நாட்டு வெள்ளத்தைப் பார்க்கிற வருத்தம். முழங்கால் பட்ட இடத்தில் இருக்கிற குற்றவுணர்ச்சி, ஒரு டிகிரி பட்ட இடத்தில் ஏன் இல்லை?

தமிழ்ப்பள்ளியில் மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டபோது எனக்கு அந்த இளவரசன் பாவமாகத் தெரிந்தான். இப்போது யோசித்தால் அந்த வழக்கு எவ்வளவு சுத்தமானது என்று தோன்றுகிறது. ஒரு கன்று, ஒரு தேர், ஒரு மகன். சக்கரத்தில் ரத்தம். மணியை இழுக்க ஒரு பசு. அன்று திருவாரூர் வீதியில் ஆயிரம் தேர்கள் ஓடி, ஒவ்வொன்றும் கிளப்பிய புழுதி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அந்தக் கன்று மூச்சடைத்துச் செத்திருந்தால்? பசு மணியை இழுத்திருக்கும். அரசனும் வெளியே வந்திருப்பான். வந்து எந்தத் தேரோட்டியைக் கூப்பிடுவான்? ஆயிரம் தேரில் ஒன்று அவனுடையது வேறு.

இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1975ல் ஜோனதன் குளோவர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒரு கிராமத்தில் நூறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள், ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு அவரை. நூறு கொள்ளையர்கள் வந்து ஆளுக்கொரு கிண்ணத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். போனபிறகு அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் வரும்போது ஒவ்வொரு கொள்ளையனும் நூறு கிண்ணங்களிலிருந்தும் ஒவ்வோர் அவரையை மட்டும் எடுத்துக்கொள்கிறான். ஒரு அவரை குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே யாரும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. கிராமம் அன்றும் பட்டினி.

கணக்கு சரிதான். நானே கணக்குப் போடுகிறவன், மறுக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவு என்பதற்காக ஒரு அவரை பூஜ்யம் ஆகிவிடாது. ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகும் எனக்கு வலிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. நானூறு டன்னால் எந்தப் பவளமாவது வெளுத்ததா என்று யாராலும் காட்ட முடியாது. புவி வெப்பமாவதால் கூடும் சூட்டில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கடலில் என் பங்கைத் தேடுவது மெர்சிங் ஆற்றில் கொட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைத் தேடுவது போல.

ஒரு உணர்கருவி அதன் எல்லைக்கு வெளியே உள்ள வெப்பத்தைக் காட்டாவிட்டால், அங்கே வெப்பமே இல்லை என்று எந்தப் பொறியாளரும் எழுத மாட்டார். கருவி பத்தாது என்று எழுதுவார். என் மனசாட்சிக்கும் அப்படி ஓர் எல்லை இருக்கிறது. கை எட்டும் தூரம், கண் எட்டும் தூரம், அன்றைக்கே தெரியும் ரத்தம். அந்த எல்லைக்குள் மட்டும் துல்லியமாக வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகமாகவே. வெளியே முள் அசைவதில்லை. அந்தக் கருவியை நம்பித்தான் நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அண்ணன் இருக்கிறார். கோப்பி குடிக்கும்போது இதைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நீ வரையலன்னா இன்னொருத்தன் வரைவான். அவன் உன்னவிட மோசமா வரைவான். அப்ப நானூறு டன் எண்ணூறு ஆகும். சும்மா இரு லா" என்றார். பிடிபிடிஎன் கடன் எவ்வளவு பாக்கி என்றும் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். இது பொய்யான வாதமும் இல்லை. நான் விலகினால் அந்த நாற்காலி ஒரு வாரம்கூடக் காலியாக இருக்காது.

ஆனால் அந்த வாதம் வேறு எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். நான் வேலையை விடலாமா என்பதற்கு அது பதில். அந்தக் கூட்டத்தில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு அது பதில் இல்லை. என் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்தால் அவனும் பேசாமல் இருந்திருப்பான் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அவன் மடியில் அந்தக் கணக்கு திறந்திருக்கவில்லை.

தாத்தாவை நினைத்துக்கொள்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் சீவிய பால் எந்தெந்த நாட்டில் எந்தெந்தச் சக்கரமாக ஓடியதோ. அந்தச் சக்கரங்கள் விட்ட புகையில் அவருக்கும் பங்கு உண்டா என்று ஒருவர் கேட்கலாம். எனக்குக் கோபம்தான் வரும். பொருளாகப் பார்த்தால் அவர் கை பட்டது என் கையைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் இந்த மரத்தைச் சீவலாமா வேண்டாமா என்று யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நொடி, ஒரு அறையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தலைமுறையைப் படிக்கவைத்ததே இப்படி யாராவது திரும்பிப் பார்க்கும் நாற்காலியில் உட்காரவேண்டும் என்பதற்காகத்தான்.

இந்த ஏப்ரலில் மறுபடியும் தியோமான் போனேன். எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த அதே பயிற்றுநரோடுதான் தங்கினேன். தெக்கேக்கிலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர். நான் அபாங் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா மீனவர். 1994ல் தீவைச் சுற்றி இரண்டு கடல்மைல் வரை கடல் பூங்கா என்று அறிவித்து மீன்பிடிக்கத் தடை வந்ததும், அவர் வலையைச் சுருட்டிவிட்டு வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாராம். அபாங் இதை வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. பிடித்துத் தின்ற மீனைக் காட்டிக் காசு வாங்குகிறோம் என்றார், சிரித்துக்கொண்டே.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு வருடமாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ரெங்கிஸ், முழங்கால், கிளை. அவருக்கு ஞாபகமே இல்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இடத்தில் முழங்கால் பதித்தவர்களை எண்ண ஆரம்பித்தால் தனக்குத் தூக்கமே வராது என்றார். அப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதிது. கிளைப்பவளம் முறிந்துதான் பரவும். புயலில் முறியும், கிளை உருண்டு போய்ப் பிடிமானம் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு புது மரமாகிவிடும். நன்றாக வளரும் இடத்தில் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். தீவில் பவளத்தை மீட்டெடுக்கிறவர்கள் செய்வதும் அதைத்தான்: முறிந்த துண்டுகளைப் பொறுக்கி, சட்டகத்தில் கட்டி, நட்டு வைப்பார்கள்.

"அப்ப என் கிளை உயிரோட இருக்குமா?"

"மணல்ல வச்சியா, கல்லுமேல வச்சியா?"

மணல் என்றேன். உதட்டைப் பிதுக்கினார். மணலில் உருண்டுகொண்டே இருந்தால் பெரும்பாலும் செத்துவிடும். ஆனாலும் சொல்ல முடியாது என்றார்.

எனக்கு அந்த இரவு வினோதமாக இருந்தது. நான் ஏழு வருடம் சுமந்த பாவம் ஒருவேளை ஒரு பிறப்பாக இருந்திருக்கலாம். பாவமே செய்யாத மாதிரி நான் சாப்பிடப் போன அந்த மதியம் அப்படி ஆக வழியில்லை. கூரைக்கு மேலே போன நானூறு டன் எந்தக் கல்லில் ஒட்டி எதுவாக முளைக்கும்?

அபாங் என் வேலையைப் பற்றிக் கேட்டார். கட்டடங்களைக் குளிர்விப்பது என்று சொன்னேன். அவர் கடல் பக்கம் கை காட்டி, "அப்போ இதையும் கொஞ்சம் குளிர வைச்சுட்டுப் போ" என்றார். நகைச்சுவைதான். நானும் சிரித்தேன், எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியவில்லை.

முக்குளிப்பை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். படகு டீசலில்தான் ஓடுகிறது. மெர்சிங்வரை என் காடி பெட்ரோலில். விட்டுவிட்டால் கை சுத்தமாகிவிடும். பார்க்காமலும் இருக்கலாம், அதுதான் அந்த யோசனையில் எனக்குப் பிடிக்காதது. தொடாமல் இருப்பதை நான் கற்றுக்கொண்டதே போதுமான அளவுக்கு என்னைக் கெடுத்திருக்கிறது. கூட்டத்தில் நான் செய்ததும் அதுதானே. மேலேயும் போகாமல், கீழேயும் போகாமல், எதிலும் படாமல், மூச்சைச் சரியாக விட்டுக்கொண்டு ஓர் அறையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இதிலும் ஒரு தற்பெருமை இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். நான் பேசியிருந்தால் ஏதோ மாறியிருக்கும் என்பது மாதிரி. பெரும்பாலும் மாறியிருக்காது. அந்த மனிதர் இருபது என்றால் இருபதுதான். ஆனால் ரெங்கிஸில் கிளையை மணலில் வைத்துவிட்டு நான் முதலில் செய்தது, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தது. கூட்டத்திலும் அதையேதான் செய்தேன். முதல் தடவை யாரும் பார்க்கவில்லை என்பதால் பேசவில்லை. இரண்டாம் தடவை எல்லாரும் பார்த்தார்கள் என்பதால் பேசவில்லை.

போன மாதம் புதுக் கட்டடம் ஒன்றின் வேலை என்னிடம் வந்தது. மறுபடியும் இருபது டிகிரி. நான் பழைய கணக்கை எடுத்து, எண்களை மாற்றி, இரண்டு பக்கம் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். 22 டிகிரி கேட்டிருக்கிறேன், ஒன்றாவது கிடைக்கட்டும் என்று. இரண்டு நாள் கழித்து ஒரே சொல்லில் பதில் வந்தது: "நோட்டட்". எங்கள் அலுவலகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை அந்த அண்ணனிடம் கேட்கவேண்டியதில்லை.

வரும் வியாழன் காலை பத்து மணிக்கு வாடிக்கையாளரோடு கூட்டம். எட்டுப் பேர் வருகிறார்கள். அந்த இரண்டு பக்கத்தையும் எட்டுப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா தொலைபேசியில், "மறுபடியும் தண்ணிக்கா போற?" என்று கேட்டார். இல்லம்மா, ஆபீஸ் வேலைதான் என்றேன். நல்லது ஐயா, மோதிரத்தைக் கழட்டாத என்றார்.